மாப்பிள்ளை ஏறிய மலை

ஜனவரி 20, திங்கள்

காலை ஷிப்ட். கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை கம்பெனி பஸ்ஸில் தூக்கம். நாள் முழுக்க கார் பம்பரில் கீறல் தேடினேன், அதற்குத்தான் சம்பளம்.

சாயங்காலம் பார்த்திபன் போன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி எனக்குப் பூ முடிக்கப்போகிற மாப்பிள்ளை. திருநின்றவூர்க்காரர். சென்னையில் ஏதோ கம்ப்யூட்டர் வேலை என்றாலும் முழுநேரத் தொழில் மலையேற்றம். ஏறுவதை வீடியோ எடுத்துப் போடுகிறார். ஞாயிற்றுக்கிழமை குடியரசு தினமாம். ஆந்திராப் பக்கம் சத்தியவேட்டைத் தாண்டி ஏனுகுகொண்டா என்று ஒரு மலை, அதன் உச்சியில் கொடியேற்றப் போகிறாராம். "நீங்களும் வாங்க அருணா. மலையிலதான் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்க முடியும்."

இதற்கு முன் வந்த இரண்டு வரன்களும் சமைக்கத் தெரியுமா என்றுதான் கேட்டார்கள். இவர் மலைக்கு வருகிறாயா என்கிறார். பிடிக்கத்தான் செய்கிறது. எனக்கு நானே ஏன் பொய் எழுதணும்?

ஜனவரி 21, செவ்வாய்

அம்மா குதித்தாள். "பூ முடிக்கிறதுக்கு முன்னாடி மாப்ளையோட மலைக்கா? கடம்பத்தூரே வாயில போட்டு மெல்லும்."

அப்பாதான் அனுமதி கொடுத்தார். "கூட வேலை பாக்குற சோனியாவும் போவுது இல்ல? அதோட சின்னம்மா ஊடு சத்தியவேட்டுலதான் கீது. அங்க தங்கிக்கினு வரட்டும்." பிறகு மெதுவாக, "மாப்ள மனசு கோணக்கூடாது."

அதுதான் விஷயம். இரண்டு வரன் தட்டிப்போன பிறகு அப்பாவுக்கு மாப்பிள்ளை என்றாலே பயம். நெல்லுக்கு விலை பேசும்போது யாருக்கும் குனியாதவர், பார்த்திபன் போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறார்.

ஜனவரி 23, வியாழன்

வாட்ஸ்அப்பில் குழு தொடங்கியாயிற்று. பெயர்: சிகரச் சிங்கங்கள். ஐந்து சிங்கங்கள். பார்த்திபன், அவருடைய பள்ளித் தோழர் ஜெரால்ட், ஆபீஸ் நண்பர் ஜெகன், நான், சோனியா.

தலைமைச் சிங்கம் குரல் பதிவு அனுப்பியது: "நாம மலையை ஜெயிக்கிறதில்லை. நம்மளை நாமே ஜெயிக்கிறோம்."

சோனியா என் பக்கத்து மேஜை. அவளும் பம்பர்தான் பார்க்கிறாள். கேன்டீனில் இதைக் கேட்டுவிட்டு, "நம்மளயே ஜெயிக்கிறதுன்னா ஊட்லயே குந்திகினு ஜெயிக்கலாமே. எதுக்குடி அவ்ளோ தூரம்?" என்றாள்.

ஜனவரி 25, சனி, சத்தியவேடு

சோனியாவின் சின்னம்மா பெரிய வீடு வைத்திருக்கிறார். ஆண்களுக்கு ஒரு அறை, எங்களுக்கு ஒரு அறை, பாய், போர்வை எல்லாம் தயார். ஆனால் பார்த்திபன் பின்கட்டில் கோழிக்கூண்டு ஓரமாகக் கூடாரம் அடித்தார். ஜெரால்ட் ஆணி அடித்தார், ஜெகன் கயிறு பிடித்தார், பார்த்திபன் கேமராவைப் பார்த்துப் பேசினார்: "அடர்ந்த காட்டுக்குள்ள எங்க முதல் இரவு!"

அம்மா இந்த வீடியோவைப் பார்க்காமல் இருக்க வேண்டும். தணிகைமலை முருகா.

சின்னம்மா சோனியாவிடம் தெலுங்கில் ஏதோ கேட்டார். இவர்களுக்கு வீட்டில் ஏதாவது சண்டையா என்று கேட்டாராம்.

ஜெரால்ட் நல்ல மனிதர். பட்டாபிராமில் டைல்ஸ் கடையில் வேலை. பருத்த உடம்பு, மெல்லிய பேச்சு. எல்லோருடைய மூட்டையும் அவர் முதுகில்தான். ஏன் என்று கேட்டேன். "ஸ்கூல்ல இருந்தே அப்படித்தான் சிஸ்டர்" என்றார்.

ஜனவரி 26, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

விடிந்ததும் கிளம்பினோம். கொஞ்ச தூரம் முள்காடு, அப்புறம் வெறும் பாறை. வற்றிய ஓடையில் ஆள் உயரக் கற்கள், ஒன்றின் மேல் ஒன்று. கையையும் காலையும் ஊன்றித்தான் ஏற முடிந்தது. மூச்சு வாங்கியது, ஆனால் சந்தோஷமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பச்சை வயல்கள், அதற்கப்பால் வெகுதூரத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்துப் புகைபோக்கிகள், தீக்குச்சி நட்டுவைத்த மாதிரி.

சீக்கிரம் ஏறியிருக்கலாம். ஆனால் நல்ல பாறை வந்தால் பார்த்திபன் ஏறுவார், வீடியோ சரியில்லை என்று இறங்குவார், மறுபடி ஏறுவார். மலையே சலித்துப் போயிருக்கும்.

பாதிக்கு மேல் ஒரு சரிவு. "ஜெரால்ட், நீ முன்னாடி போடா. என் முகம் தெரியற மாதிரி பின்னாலயே நடந்துக்கினே எடு" என்றார். ஜெரால்ட், முதுகில் அத்தனை மூட்டையோடு, கையில் பார்த்திபனின் போனோடு, பின்பக்கமாக மலையேறினார். நாலைந்து அடிதான். இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் போய்விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பார்த்திபன் ஓடிவந்தார். "போனுக்கு ஒண்ணும் ஆவலையே?"

ஒன்றும் ஆகவில்லை. விழும்போதும் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன்.

கணுக்கால் கண்ணெதிரே வீங்கியது. பார்த்திபன் குந்தி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தார். "வலி மனசுலதான்டா இருக்கு."

"இல்லடா. கால்ல இருக்குது" என்றார் ஜெரால்ட்.

சோனியாவுக்குச் சிரிப்பு வந்து, உடனே அழுகையும் வந்தது.

பார்த்திபன் எழுந்து உச்சியைப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார். "இவன் நிழல்ல ரெஸ்ட் எடுக்கட்டும். நாம போய் கொடியை ஏத்திட்டு வந்துடலாம். குடியரசு தினம் நாளைக்கு வராது அருணா."

"இவரைத் தனியா விட்டுட்டா?"

"அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

உண்மைதான். ஜெரால்ட் ஒன்றும் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார், வியர்வை கொட்ட. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும், "நான் வரலை" என்றேன்.

"உங்க இஷ்டம். ஆனா பாதியில நிக்கிறவங்க வாழ்க்கையில..." என்று தொடங்கினார். எனக்காகவோ, இல்லை கேமரா ஓடவில்லை என்பதாலோ, முடிக்கவில்லை. ஜெரால்டின் பையிலிருந்து கொடியையும் பவர் பேங்க்கையும் எடுத்துக்கொண்டார். ஜெகன் எங்களையும் பார்த்தார், அவரையும் பார்த்தார், பிறகு தண்ணீர் பாட்டிலோடு அவர் பின்னால் போனார். கூப்பிடுவதற்குள் பாறைக்கு அப்பால் மறைந்துவிட்டார்கள்.

துப்பட்டாவைக் கிழித்தேன். மூட்டையிலிருந்த ஊன்றுகோல் ஒன்றை வைத்துக் காலைக் கட்டினோம். ஏறும்போது ஏணி மாதிரி இருந்த கற்கள் இறங்கும்போது கிணறு மாதிரி இருந்தன. ஜெரால்ட் உட்கார்ந்தபடியே நகர்ந்து இறங்கினார். நான் கீழே நின்று அவர் காலை ஏந்திக்கொள்வேன், சோனியா மேலிருந்து அக்குளைப் பிடிப்பாள். ஒவ்வொரு கல்லிலும், "சாரி சிஸ்டர், ரொம்ப வெயிட்டு நானு."

"வாயை மூடிக்கினு எறங்குங்கண்ணே" என்று சோனியா கத்தினாள்.

வெயில் ஏறியது. மிச்சமிருந்த தண்ணீர் தீர்ந்தது. ஓடை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் வந்தோம் என்று தெரியவில்லை. போனில் சிக்னல் இல்லை. அங்கேதான் ஜெரால்டுக்குக் கண் சொருகியது. கன்னத்தில் தட்டினேன், தலை தொங்கிவிட்டது. செத்துப்போயிட்டாரான்னு — ஐயோ, அந்த நிமிஷம்! மாப்பிள்ளையும் வேணாம் மண்ணாங்கட்டியும் வேணாம், இந்த ஆளு கண்ணைத் தொறந்தா போதும்னு இருந்துச்சு.

சோனியா தொண்டை கிழியத் தெலுங்கில் கத்தினாள். விறகுக்கு வந்த இரண்டு பெண்கள் குரல் கொடுத்தார்கள். தண்ணீர் தெளித்தார்கள், குடிக்கக் கொடுத்தார்கள். ஜெரால்ட் கண்ணைத் திறந்து, "சாரி" என்றார். நான்கு பேருமாகத் தூக்கி வண்டிப்பாதைக்குக் கொண்டுவந்தோம். பால் வண்டி ஒன்றில் ஏறி ஆஸ்பத்திரி.

எலும்பு முறிவு. மாவுக்கட்டு.

சாயங்காலம் குழுவில் படம் வந்தது. பாறை மேல் பார்த்திபன், கையில் கொடி. "சிகரம் தொட்டோம்!" பிறகு போன் செய்தார். "சேஃபா இறங்கிட்டீங்களா? போட்டோ பார்த்தீங்களா?" ஜெரால்ட் எங்கே என்று கேட்பார் எனக் காத்திருந்தேன். போட்டோ எப்படி என்றுதான் மறுபடியும் கேட்டார்.

ஜனவரி 27, திங்கள்

லீவு. கால் இரண்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

ஜனவரி 29, புதன்

பார்த்திபனின் அம்மா போன் செய்திருக்கிறார். "பொண்ணுக்கு மூச்சு வாங்கும்னு நீங்க சொல்லவே இல்லையே? பாதி மலையில பயந்து அழுதுச்சாமே. பாவம், ஜெரால்ட்தான் கூட்டிக்கினு எறங்கினானாம். பூ முடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு டாக்டர்கிட்ட காமிச்சிடலாமே."

நான் பயந்தேனா? என்னை ஜெரால்ட் இறக்கினாரா? கால் உடைஞ்ச ஆளு என்னைத் தூக்கிக்கினு வந்தாரா?

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ஜெரால்டை இறக்கும்போது காயம் பட்ட முழங்கையைக் காட்டினேன். தரையைப் பார்த்தபடியே, "நடந்தது நடந்துபோச்சு. ஒரு டெஸ்ட்டுதானே, எடுத்துட்டுப் போவலாம்" என்றார்.

நான் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை. அப்பா தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவரும் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 1, சனி

சோனியாவோடு பட்டாபிராம் போய் ஜெரால்டைப் பார்த்தேன். ஆரஞ்சு வாங்கிப் போனோம். பார்த்திபன் வந்தாரா என்று கேட்டேன்.

"மெசேஜ் போட்டான் சிஸ்டர்."

"இன்னான்னு?"

"நான் உயுந்தப்போ வீடியோ ஓடிக்கினு இருந்துச்சு இல்ல, அதைப் போட்டுக்கட்டுமான்னு. கீழ சிரிக்கிற பொம்மை போட்டிருந்தான்."

பிப்ரவரி 2, ஞாயிறு

பார்த்திபன் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ், லேப்டாப். அம்மா அப்பா இருவரையும் உட்காரவைத்து வீடியோ காட்டினார். பின்னணியில் போர்க்கள இசை. கோழிக்கூண்டு அடர்ந்த காடாகியிருந்தது. ஜெரால்ட் மருந்துக்கும் இல்லை. கடைசியில் கொடியோடு பார்த்திபன். கீழே "ஏனுகுகொண்டா உச்சி — என் வருங்கால மனைவி அருணாவுடன்" என்று எழுத்து. நான்தான் அங்கே இல்லவே இல்லையே!

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். கிண்டல் தெரியாதவள் அவள். நிஜமாகவே கேட்டாள்: "தம்பி, நீங்க நிக்கிறதுக்குப் பின்னாடி இன்னும் ஒசரமா ஒண்ணு தெரியுதே, அது இன்னா மலை?"

"அது... கேமரா ஆங்கிள் அத்தை."

"உச்சிக்குப் போகலையா நீங்க?" என்றேன்.

"டைம் இல்லை அருணா. வெளிச்சம் போயிடும். யாருக்குத் தெரியப்போகுது? உங்க பேரையும் சேர்த்துத்தானே போட்டிருக்கேன்."

அப்பா தொண்டையைச் செருமினார். "பொண்ணு பயந்து எறங்கிச்சுன்னு ஊட்ல சொன்னீங்களாமே?"

"ஜெரால்ட் மேட்டரைச் சொன்னா அம்மா டென்ஷன் ஆயிடுவாங்க அங்கிள். அதான் சிம்பிளா சொன்னேன்."

சிம்பிளா! கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. கீறல் விழுந்த பம்பரைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஓரமாக எடுத்து வைப்போமே, அப்படித்தான் இருந்தது. "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க" என்றேன். என் குரல்தான். தெளிவாக இருந்தது.

பார்த்திபன் அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைத்தான் பார்த்தேன். அப்பா எழுந்து, சட்டையை மாட்டி, ஸ்வீட் பாக்ஸை எடுத்து அவர் கையில் கொடுத்தார். "வாங்க தம்பி, ஸ்டேஷன்ல உட்டுட்டு வரேன்."

திரும்பிவர நேரமாயிற்று. என்ன பேசினீர்கள் என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் பேசல. வண்டி ஏறுனாரா, வண்டி கெளம்புச்சான்னு பாத்துட்டு வந்தேன்" என்றார் அப்பா. பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓவர்டைம் கேட்டு வாங்கி வேலைக்குப் போனேன். சோனியா மல்லிகைப் பூ கொண்டுவந்தாள். "யாரு முடிச்சா இன்னா, பூ பூதானேடி" என்று மெஷின் பக்கத்தில் நிற்க வைத்துத் தலையில் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

ஊரில் கிட்டத்தட்ட மூன்று மாதமாக என் பேர்தான். மூன்றாவது வரனும் போச்சாம், பெண்ணுக்கு நாக்கு நீளமாம். அம்மாவிடம் யாரோ குழாயடியில் கேட்டிருக்கிறார்கள். "நாக்கு மட்டும் இல்ல, காலும் நீளந்தான். மலையே ஏறுவா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இன்று தரகர் புது நம்பர் கொடுத்தார். திருப்பாச்சூர் பக்கம், பையன் ஆதிகேசவன், மின் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம். அப்பா முற்றத்தில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போன் போட்டார். சம்பாத்தியம் கேட்கவில்லை, நிலபுலம் கேட்கவில்லை.

"தம்பி, மலை கிலை ஏறுவீங்களா?"

அந்தப் பக்கம் என்ன பதிலோ தெரியவில்லை. அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்திருந்தது.

"மாடிப்படி ஏறுனாலே முட்டி வலிக்குதாம்மா. நல்ல புள்ளையா தெரியுது. நீயே பேசிப் பாக்கிறியா?"

போனை வாங்கினேன்.