அம்மாவின் மெஷினும் டென்ஷனும்

அன்பு மகள் குட்டிமாவுக்கு அப்பா எழுதுவது.

நீயும் மாப்பிள்ளையும் பொடிசும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் நன்றாகத்தான் இருக்கிறோம், அதாவது அம்மாவின் கால்வலி அப்படியே இருக்கிறது, நான் மூக்குக் கண்ணாடியைத் தேடுவதும் அப்படியே இருக்கிறது, மற்றபடி சுகம். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய், போன் வந்தால் அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்துவிடுகிறாள், அதனால்தான் கடிதம். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்கே பிடிபடவில்லை, பொறுமையாகப் படி.

பேத்திக்கு அம்மா தைக்கும் மஞ்சள் கவுன் இன்னும் முடியவில்லை. விடுமுறைக்கு வருகிறோம், அங்கேயே போட்டுப் பார்க்கலாம் என்று நீ சொன்ன அன்றே துணியை வெட்டிவிட்டாள். பிறகு லீவு கிடைக்கவில்லை, பார்சலில் அனுப்பிவிடுங்கள் என்றாயே, அதிலிருந்துதான் மெஷின் தகராறு. மேலே பார்த்தால் தையல் ஒழுங்காக இருக்கிறது, திருப்பினால் அடியில் நூல் வளையம் வளையமாகத் தொங்குகிறது. அம்மா தைப்பாள், பிரிப்பாள், மறுபடி தைப்பாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் நூல் போகிற வழியில் இருக்கும் சின்னத் திருகைத் தொட்டுப் பார்த்துவிட்டு டென்ஷன் குறைந்துவிட்டது, ஏற்ற வேண்டும் என்றார். அன்று சாயங்காலமே டாக்டர் அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு டென்ஷன் ஏறிவிட்டது, குறைக்க வேண்டும் என்றார். வரும் வழியில் மின்கம்பத்தில் மண்டை ஓட்டைப் போட்டு ஹை டென்ஷன் என்று எழுதியிருக்கிறது. மாப்பிள்ளை போன் எடுத்தால் முதல் வார்த்தையே டென்ஷன் ஆகாதீங்க மாமா என்பதுதான். ஒரே சொல்லை ஒருவர் ஏற்றச் சொல்கிறார், ஒருவர் இறக்கச் சொல்கிறார், ஒருவர் கிட்டே வராதே என்கிறார், நான் என்னதான் செய்வது. எதிர் வீட்டு டீச்சரிடம் கேட்டேன். அடிப்படையில் அதற்கு இழுத்துப் பிடிப்பது என்று அர்த்தம், மேல் நூலும் அடி நூலும் சரிசமமாக இழுத்தால்தான் தையல் நிற்கும் என்று அழகாகச் சொன்னார். அப்படியானால் கம்பத்தில் யார் யாரை இழுக்கிறார்கள் என்று கேட்டேன், அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டார்.

மெக்கானிக் ஏற்றிவிட்டுப் போன திருகு மறுபடி தளர்ந்துவிட்டது. இரண்டாவது தடவை வந்தபோது அவருக்கே முகம் மாறிவிட்டது, இது தானாகத் தளராது, யாரோ கை வைக்கிறார்கள் என்றார். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். அதைவிடக் குழப்பம், அம்மா தைத்துக் கொடுக்கும் தெருக்காரர்களின் துணியெல்லாம் அதே மெஷினில் மணி மணியாக வருகிறது, இந்தக் கவுன் மட்டும்தான் மக்கர் செய்கிறது. ஆயுசு முழுக்க பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்குச் சந்தேகப்படச் சொல்லியா தர வேண்டும், பெருக்க வரும் அம்மாளைச் சந்தேகப்பட்டேன், டீச்சர் வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன், துடைக்கும்போது நானே திருகிவிட்டேனோ என்று என்னையும் விட்டுவைக்கவில்லை. கடைசியில் ஒரு நாள் மத்தியானம் தூங்குவது போலப் படுத்துக்கொண்டு கதவிடுக்கில் பார்த்தேன். அம்மா பக்கத்து வீட்டு ஜாக்கெட்டைத் தைத்து முடித்து மடித்து வைத்தாள். பிறகு கவுனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அப்புறம் அந்தத் திருகை அவளே தளர்த்தினாள்.

எழுந்து போய் நின்றேன். டிக்கெட் எடுக்காமல் மாட்டிக்கொண்டவர்கள் எத்தனையோ பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் ஏதாவது காரணம் சொல்வார்கள். அம்மா மடியில் கிடந்த கவுனை நீவிக்கொண்டே உண்மையையே சொன்னாள். "தைச்சு முடிச்சா பார்சல்ல போடணும். போட்டுட்டா அப்புறம் அவங்க எதுக்கு வரணும்?" என்றாள். உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள், எழுதக்கூடாது என்று வாங்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதுகிறேன். இது நியாயமா என்றும் தெரியவில்லை. உன்மேல் வருத்தம் இல்லை குட்டிமா, அங்கே உனக்கு என்னென்ன பாடோ. ஆனால் எனக்கும் உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பொடிசை ஈரத் தலையோடு வெளியே விடாதே. நீ வேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும். அம்மாவிடம் பேசும்போது கவுன் என்ன ஆச்சு என்று மட்டும் கேட்காதே, மறந்துவிடாதே.

நேற்று மெக்கானிக் மூன்றாவது முறை வந்து, இப்போது எப்படி ஓடுகிறது என்று கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். இன்னும் சரியாகவில்லை, விடுமுறை வரைக்கும் ஆகாது போலிருக்கிறது என்று நானே சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா