ஐந்தாவது பையோடு சரி

ஜனவரி 6
நாலாவது பை ரத்தம் எடுத்தாயிற்று. ஃபெரிட்டின் 1,640. உடம்பில் இரும்பு குவிந்து கிடக்கிறதாம், ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருந்தால்தான் ஈரல் தப்புமாம். ஹீமோகுளோபினோ 9.2. இரும்பு கூடிப்போனவளுக்கு ரத்தசோகை எப்படி வரும் என்று கேட்டேன். "நீங்க லேப் டெக்னீஷியன் ஜெப்ஸி, டாக்டர் இல்ல" என்றார் டாக்டர்.

ஜனவரி 13
ஐந்தாவது. பஸ் நிலையத்தில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பையை ஒரு வாரம் தள்ளி 27ஆம் தேதிக்கு வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 17
எங்கள் லேபில் என் ரத்தத்தை நானே சோதித்தேன். ரத்தத்தில் ஓடும் இரும்பு, இருக்க வேண்டியதில் பாதிகூட இல்லை. ஃபெரிட்டின் என்பது இரும்பைச் சேர்த்துவைக்கும் பாத்திரம். பாத்திரம் மட்டும் பெருகிக் கிடக்கிறது, போட்டுவைக்கச் சரக்கில்லை. யார் இவ்வளவு பாத்திரம் செய்யச் சொன்னது?

ஜனவரி 19
அண்ணன் ரோச்சுக்கும் ஃபெரிட்டின் கூடுதல். அவனும் வாரம் ஒரு பை கொடுக்க வேண்டுமாம். கடலில் முங்கிச் சங்கு குளிக்கிறவன்! "ரத்தம் கொறஞ்சா அடியில தம் நிக்காதுளா" என்கிறான். முப்பத்தாறு வயதில் கண்ணில் புரை வேறு.
"சங்கு குளிக்கிற குடும்பம்லா, உப்புத்தண்ணி கண்ணத் தின்னுட்டு" என்றாள் அம்மா.
"நீ என்னைக்கும்மா குளிச்ச?" என்றேன்.
அம்மாவுக்கு முப்பத்திரண்டில் புரை ஆபரேஷன். கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இத்தனை வருஷம் ஒருத்தரும் யோசிக்கவில்லையே — நானும்தான்.

ஜனவரி 22
ஒரு மருத்துவக் கட்டுரையில் கிடைத்துவிட்டது! ஃபெரிட்டின் செய்யச் சொல்லும் எம்ஆர்என்ஏவின் தலைமாட்டில் ஒரு சின்ன வளைவு. இரும்பு குறைந்தால் ஒரு புரதம் அதில் வந்து உட்கார்ந்து வேலையை நிறுத்திவைக்கும். இரும்பு வந்தால் எழுந்து போய்விடும். சில குடும்பங்களில் அந்த வளைவில் ஒரு மரபணு எழுத்து மாறியிருக்கும். புரதத்துக்கு உட்கார இடமில்லை. தடுக்க ஆளில்லாமல் ஃபெரிட்டின் பெருகும், கண் வில்லையில் படிந்து புரையாகும். உடம்பில் இரும்பு கூடுவதில்லை. ஈரலுக்கு ஒன்றும் ஆகாது.
அப்ப எதுக்குய்யா என்னைய மாடு மாதிரி கறந்திய?

ஜனவரி 27
ஆறாவது பைக்குக் கை நீட்டவில்லை. அண்ணனையும் நீட்ட விடவில்லை. "ஈரல் போனா நான் பொறுப்பில்ல, எழுதிக் கொடுங்க" என்றார் டாக்டர். எழுதிக் கொடுத்தேன், அழுத்தி. "பெரிய டாக்டரப் பகைச்சிட்டு வாரியேளா" என்று அம்மா வழியெல்லாம் அழுதாள். மூன்று பேர் ரத்தமும் மரபணுச் சோதனைக்குச் சென்னை போயிருக்கிறது. நான் தப்பாக இருந்தால்? பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். ஒரு சொட்டு தரமாட்டேன்.

பிப்ரவரி 9
சென்னையிலிருந்து முடிவு இன்னும் வரவில்லை.

மார்ச் 14
மூன்று பேருக்கும் அதே வளைவில், அதே ஓர் எழுத்து.
தாளை டாக்டர் மேஜையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார். அண்ணன் சீட்டில் வாரம் ஒரு பை என்று எழுதியிருந்ததை அவரே அடித்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "இத நான் வச்சுக்கிடட்டுமா?" என்றார்.
"வச்சுக்கிடுங்க. நான் விளக்கிச் சொல்லுதேன், கேளுங்க."
பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டே கேட்டார்.