லைக் பச்சை

என் பிலோமி அக்காவுக்கு,

நீ போய் முப்பது நாள் ஆகிவிட்டது. நேற்று கோயிலில் உனக்குப் பூசை வைத்தோம். ஜன்னலோரம் உன் தையல் மிஷின் அப்படியே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரி தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் அதன் சக்கரம் ஒரு நூல் அசைகிறது. நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்து ஏமாறுகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் மகள் ஸ்டெல்லா நேற்றுவரை என்னோடு பேசவில்லை அக்கா. காரணம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை. நீ சொல்லிக்கொடுத்த வார்த்தை.

எனக்கு இங்கிலீஷில் தெரிந்தது அது ஒன்றுதானே? நீ எட்டாவது வரை கான்வென்டில் படித்தாய். நான் அஞ்சாவதோடு நின்று, உன் பக்கத்தில் உட்கார்ந்து ஹூக் வைத்தேன். யாராவது துணியோடு அளவு ஜாக்கெட்டும் கொடுத்துவிட்டுப் போனால், நீ ஒரு துண்டுச் சீட்டில் இங்கிலீஷில் 'லைக்' என்று எழுதி, பக்கத்தில் தமிழில் அந்த அளவு ஜாக்கெட்டின் நிறத்தை, 'பச்சை' என்கிற மாதிரி போட்டு, துணியில் குண்டூசியால் குத்தி வைப்பாய். அந்தப் பச்சை ஜாக்கெட் மாதிரியே தைக்க வேண்டும் என்று அர்த்தம்.

"மாதிரின்னே எழுதேன். மூணே எழுத்துதானே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"போடி, நான் கான்வென்டுல படிச்சவன்னு கஸ்டமருக்குத் தெரிய வாணாமா?" என்றாய்.

நீ போன மறுநாள் ஸ்டெல்லா உன் படத்தை ஃபேஸ்புக்கில் போட்டாள். அவள் வாங்கிக்கொடுத்த போனில்தான் பார்த்தேன். மூக்குத்தி, வலது பக்கம் ஏறிக்கொள்கிற அந்தச் சிரிப்பு, எல்லாம் நீயேதான். படத்துக்குக் கீழே அதே நாலு எழுத்து. எனக்கு வேறென்ன தோன்றும்? மாதிரி இருக்கிறதா என்று கேட்கிறார்கள் என்றே நினைத்தேன். ஆமாம், எங்க அக்கா மாதிரியேதான் இருக்கிறது என்று அழுத்திவிட்டேன்.

சாயங்காலமே போன் வந்தது.

"இன்னா வேல சித்தி பண்ணி வெச்சிக்கீற? அம்மா செத்ததுக்கு லைக் போட்டுக்கீற! அல்லாரும் அழுவுற மூஞ்சி போட்டுக்கீறாங்கோ. என் மாமியா, 'உங்க சித்திக்கு அம்மாம் சந்தோஷமா'ன்னு கேக்குது."

"படம் அவள மாதிரியே கீதுன்னுதான்டி..."

"புடிச்சிருந்தாதான் அத அமுக்குவாங்கோ!" வைத்துவிட்டாள்.

கல்யாணம் காட்சி இல்லாதவள் நான். உனக்கப்புறம் எனக்கு அவளை விட்டால் யார் அக்கா? திரும்பத் திரும்பப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை.

நேற்று பூசை முடிந்து, உன் துணிமணிகளைப் பிரித்து எடுக்க வீட்டுக்கு வந்தாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ கடைசியாக வெட்டி வைத்த துணி மிஷினுக்கு அடியில் சுருட்டி இருந்தது. பிரித்தேன். சீட்டு குத்தியிருந்தது. அதை அவள் கையில் கொடுத்தேன்.

"லைக் பச்சை," வாசித்தாள். "அம்மா எழுத்து. இன்னா சித்தி இது?"

சொன்னேன். நீ சொல்லிக்கொடுத்ததை, நான் அழுத்தியதை, எல்லாவற்றையும்.

அவள் ரொம்ப நேரம் போனில் எதையோ தேடினாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "நீ சொன்னதும் ரைட்டுதான் சித்தி. மாதிரின்னும் அர்த்தம், புடிக்குதுன்னும் அர்த்தம். ரெண்டும் ஒரே வேர்லேர்ந்து வந்துதாம். அந்தக் காலத்துல அந்த வேருக்கு உடம்புன்னு அர்த்தமாம். ரெண்டு பேருக்கு ஒரே வாகுல உடம்பு இருந்தா, அதான் லைக்காம்." சட்டென்று போனைக் கவிழ்த்தாள்.

"இன்னாடி?"

"செத்த உடம்பையும் அந்த வார்த்தையாலதான் சொல்லுவாங்களாம்."

அப்போதுதான் நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். திடீரென்று போய்விட்டாய். உன்னைக் குளிப்பாட்டியபின் உடுத்த உன் பெட்டியில் நல்லதாக ஒரு ஜாக்கெட் இல்லை. ஊருக்கே புதுசு தைத்தவள், உனக்கென்று பழசையே ஒட்டுப்போட்டுப் போட்டுக்கொண்டாய். என் கிறிஸ்துமஸ் புடவைக்கு நீ தைத்து, ஹூக் மட்டும் பாக்கி வைத்திருந்த நீல ஜாக்கெட்டை எடுத்தேன். ஹூக் வைத்து உனக்குப் போட்டேன். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாரிடமும் அளவு ஜாக்கெட் கேட்ட நீ என்னிடம் மட்டும் கேட்டதே இல்லையே. "உன் அளவுதான் என் மேலயே கீதே" என்பாயே.

ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். "அப்போ எங்கம்மா உன் ஜாக்கெட்லயா போச்சு?" என்று கேட்டு, என் தோளில் சாய்ந்துகொண்டாள். அவள் கண்ணீர் என் ஜாக்கெட் கையை நனைத்தது.

"அந்த லைக்க எடுத்துடுமா, எனக்கு எடுக்கத் தெரியல" என்றேன்.

"வாணாம் சித்தி. அது இருக்கட்டும்."

சீட்டில் நீ எழுதிய அந்தப் பச்சை ஜாக்கெட் யாருடையது தெரியுமா என்று உன்னிடம் நான் கேட்கவே வேண்டாம். உன் மகளுடையதுதான். அளவுக்குக் கொடுத்ததையே மறந்திருந்தாள். வெட்டியது நீ, ஹூக் வைக்க மட்டுமே தெரிந்தவள் நான். நடுவில் இருக்கிற தையல் முழுக்கப் பாக்கி. இன்று காலை மிஷினுக்கு எண்ணெய் விட்டேன். இரண்டு தடவை நூல் அறுந்தது. அறுந்தால் என்ன? கிறிஸ்துமஸுக்குள் முடித்து, நானே அவளுக்குப் போட்டுப் பார்ப்பேன். பிசகினால் பிரித்துத் தைப்பேன். நீ வெட்டியதைக் கெடுக்க மாட்டேன் அக்கா. சீட்டை மட்டும் அவளுக்குத் தரமாட்டேன்.

உன் அளவிலேயே பிறந்த தங்கச்சி,
செலின்