பன்னிரண்டு பட்டை, பன்னிரண்டு பெயர்

ஜூன் 3, செவ்வாய்

ஊரின் பன்னிரண்டு குடிநீர்த் தொட்டிகளுக்கும் எங்கள் ஆய்வகத்தில் கிருமிச் சோதனை முடிந்தது. தொட்டிக்கு ஒரு பட்டை என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். அடிக்கோட்டில் வெறும் 1, 2, 3 இருந்தால் யாருக்கு என்ன புரியும், தொட்டிகளின் பெயரைப் போடுங்கள் என்றார் பொறியாளர். நியாயம்தான்.

பெயர்ப் பட்டியலை வரிசையாக மென்பொருளுக்குக் கொடுத்தேன். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. சாய்த்தேன், எழுத்தைச் சிறிதாக்கினேன், அடங்கின. கடைசிப் பட்டைக்கு மட்டும் பெயர் வரவில்லை. மதியச் சாப்பாட்டு நேரம், பசி வேறு. பட்டியலில் கடைசிப் பெயரான ‘ஆத்தங்கரை’யை இன்னொரு முறை அடித்தேன், வந்துவிட்டது. ஒரு தடவை சொன்னால் கேட்காது போலும் – வீட்டில் என்னைப் போல.

ஜூன் 4, புதன்

ஒரே ஒரு பட்டைதான் கிருமி அளவின் வரம்பைக் காட்டும் சிவப்புக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. அதன் கீழே ‘சந்தைத் தொட்டி’. அதைப் பார்த்துக்கொள்பவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவன் சோம்பேறி என்று பத்து வருஷமாக நான் சொல்லிவருகிறேன். இன்று வரைபடமே சொல்லிவிட்டது. அறிக்கை அனுப்பியாயிற்று. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்த டைரியிலாவது பொய் சொல்லாமல் இருப்போம்.

ஜூன் 6, வெள்ளி

மச்சினனுக்குப் பணியிடை நீக்கம். சந்தைத் தொட்டியை மூடிவிட்டார்கள். வீட்டில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லை. காபி டம்ளர் மட்டும் மேஜைமேல் ‘ணங்’ என்று வந்து உட்கார்ந்தது.

ஜூன் 7, சனி

காலையில் மச்சினன் அறிக்கையின் நகலோடு வந்தான். போன வாரம்தான் தொட்டியைக் கழுவியதாகச் சத்தியம் செய்தான். கணினிக்கு வேண்டியவர் வேண்டாதவர் கிடையாது என்று நான் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். மனைவி அந்தத் தாளை வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள்.

“என்னங்க, கடைசியில எதுக்கு ரெண்டு ஆத்தங்கரை?”

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஆய்வகத்துக்கு ஓடினேன்.

அடிக்கோட்டில் மென்பொருள் தானாக வைக்கும் குறிகள் பூஜ்ஜியத்தில் தொடங்குகின்றன. அந்தப் பூஜ்ஜியக் குறி படத்துக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல் நிற்கிறது. முதல் பெயரை அதற்குக் கொடுத்துவிட்டு, மற்ற பெயர்களை ஒவ்வோர் இடம் முன்னால் தள்ளி ஒட்டியிருக்கிறது. எந்தெந்த இடத்தில் குறி வேண்டும் என்று முதலில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஐந்தாவது பட்டைக்கு ஆறாவதான சந்தைத் தொட்டியின் பெயர்! கிருமி இருப்பது ஐந்தாவதான நூலகத் தொட்டியில். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது அங்கிருந்துதான். நாலு நாளாகத் தெருவே குடித்திருக்கிறது – ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்?

பழியை மென்பொருள்மேல் போடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு பொறியாளருக்குப் போன் செய்து, நூலகத் தொட்டியை உடனே மூடச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஜூன் 9, திங்கள்

எழுதிக் கொடுத்ததைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். மச்சினன்மேல் போட்ட உத்தரவு ரத்து. எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம். நல்லவேளை, தெருவில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

வேலைக்குப் போகிற வழியில் மச்சினன் வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் பூஜ்ஜியக் குறி எப்படி ஒளிந்திருந்தது என்று கால்மணி நேரம் விளக்கிவிட்டேன். பொறுமையாகக் கேட்டான்.

“அது சரி மாமா. வேற யார் பேரு வந்திருந்தாலும் இன்னொரு தடவை சரிபார்த்திருப்பீங்க இல்ல?”

பார்த்திருப்பேன்.

ஜூன் 12, வியாழன்

சாப்பாடு இறங்கவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சந்தைத் தொட்டிக்குப் போனேன். உள்ளே பார்க்கணும் என்றேன். மறுபடியும் சோதனையா என்று மச்சினன் முகம் சுருங்கியது. இல்லப்பா, சும்மா என்றேன். தொப்பையோடு ஏணியில் ஏறுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது.

தண்ணீருக்கு அடியில் தரை பளிச்சென்று தெரிந்தது. மூடிக்குப் பக்கத்துச் சுவரில், கழுவிய நாளையெல்லாம் பெயின்டால் வரிசையாக எழுதிவைத்திருக்கிறான். ஏழு வருஷம், மாதத்துக்கு ஒன்று, ஒன்றுகூட விடுபடவில்லை. ஏணியில் நின்றபடியே மன்னிப்புக் கேட்டேன்.

முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை நிதானமாகப் படித்தேன். படித்து முடிக்கும்வரை அவன் ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.