சனிக்கிழமைச் சுங்குடி

காலையில் பீரோவைத் திறந்ததும் உன் வாசனை வந்தது. உன் வாசனை என்பது சரியில்லை. பூண்டு, மிளகு, கறிக் கொழுப்பு, பீரோவில் போட்ட பாச்சை உருண்டை எல்லாம் கலந்த ஒன்று. நீ இங்கே விட்டுப் போன அரக்கு நிறச் சுங்குடிப் புடவையிலிருந்து வருகிறது. கடைசியாக நீ மடித்து வைத்தபடியே கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒரு வருடமாக நான் அதைத் துவைக்கவில்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

செத்தவர்கள் கடிதம் படிப்பதில்லை என்று எனக்குத் தெரியும். இயற்பியல் படித்தவள் நான், நீயும்தான். ஆனால் இன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் கறி வேகிறது. மத்தியானம் உன் மகள் வருகிறாள். அவளிடம் உன்னைப் பற்றி ஒன்றைச் சொல்வதா வேண்டாமா என்று அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

வியாழக்கிழமை நிவி போன் செய்தாள். உன் வருடத் திதிக்காகப் பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள்.

"ஞாயித்துக்கிழமை திதி ஆன்ட்டி. அதுக்கு மறுநாள் அம்மாவுக்குப் பிடிச்சத மட்டும் நானே சமைச்சு வீட்டோட சாப்பிடலாம்னு இருக்கேன். அப்பா வெண்பொங்கல்ங்கிறாரு. சித்தி புளியோதரைங்கிறாங்க. எனக்கென்னமோ ரெண்டும் இல்லன்னு தோணுது. உங்களுக்குத் தெரியுமா?"

வெண்பொங்கல்! "இந்தக் கொழகொழப்ப எத்தன மார்கழிக்குத்தான்டி திங்கிறது?" என்று வருடாவருடம் நீ என்னிடம் புலம்பிய அதே வெண்பொங்கல்.

"சனிக்கிழமை வீட்டுக்கு வா, சொல்றேன்" என்றேன்.

"சனிக்கிழமையா? அன்னைக்கு அப்பா விரதம். அவருக்குப் பால் காய்ச்சிக் குடுத்துட்டு வாரேன்."

"உங்க அப்பாவுக்கு எப்பருந்து விரதம்?"

"அம்மா போனதுல இருந்து. அம்மா அத்தன வருசம் சனிக்கிழமை தவறாம பெருமாளுக்கு விரதம் இருந்தாங்கள்ல. அது விட்டுப் போயிரக் கூடாதுன்னு இவரு எடுத்துக்கிட்டாரு."

போனை வைத்த பிறகும் சமையலறையில் அப்படியே நின்றிருந்தேன். விரதம். நீ. சனிக்கிழமை. மத்தியானம் என் வீட்டில் கறி வைத்த பன்னை ஒன்றன்பின் ஒன்றாகத் தின்றுவிட்டுப் போய், ராத்திரி உன் வீட்டில் பாலும் பழமும் போதும் என்று சொல்லியிருக்கிறாய். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் பசியின்மையை அந்த மனிதர் பக்தி என்று நம்பி, இன்று உனக்காகப் பட்டினி கிடக்கிறார்.

சொன்னால் அந்த விரதம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அந்தப் பெண் திங்கட்கிழமை உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, உன்னை நினைத்துக்கொண்டு, வெண்பொங்கல் சாப்பிடுவாள். யாரிடமும் சொல்லாதே என்று நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் எதையுமே யாரிடமும் சொல்லாதவள்.

இன்று காலை பாய் கடைக்குப் போனேன். "என்ன டீச்சர், சைவத்துக்கு மாறிட்டீகளோன்னு நெனச்சேன்" என்றார். ஒரு வருடமாக நான் அந்தப் பக்கம் போகவில்லை. வழக்கமாக வாங்கும் தொடைப் பக்கத்துக் கறிதான், கொழுப்பை ஒதுக்காமல். பெரிய துண்டுகளாகவே சிவக்க வறுத்து எடுத்து, அதே சட்டியில் வெங்காயத்தைப் பழுப்பாக வதக்கி, பூண்டும் மிளகும் பிரிஞ்சி இலையும் போட்டு, கறி முழுகத் தண்ணீர் ஊற்றிச் சிறு தீயில் வைத்தாயிற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் கஷ்டம். இந்தப் பத்தியை எழுதுவதற்குள்ளேயே இரண்டு தடவை எழுந்து போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டேன். "மூடியத் தொறக்காதடி, அது என்ன பரிச்சை ரிசல்ட்டா?" என்று நீ கத்துவது கேட்கிறது. கேட்கவில்லை. ஆனாலும் மூடிவிட்டு வந்தேன்.

முதல்முதலாக நீ இதைச் சாப்பிட்டது கீழக்குயில்குடியில்தான். முதுகலை படித்தபோது வகுப்பே சேர்ந்து மலைக்குப் போனோம். மற்றவர்கள் உச்சிக்கு ஏறிவிட்டார்கள். நீயும் நானும் சமணர் படுக்கைக்குப் பக்கத்தில் டப்பாவைப் பிரித்தோம். அன்று காலைதான் நான் திருவாதவூரிலிருந்து வந்திருந்தேன், அம்மா வறுத்துக் கொடுத்ததோடு. விடுதியில் யாராவது கேட்டால் மட்டன் என்று சொல்லிவிடுவது என் வழக்கம்.

"என்னடி இது, கருகருன்னு?"

"மாடு" என்றேன். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். எழுந்து போவாய் என்று நினைத்தேன். உங்கள் வீட்டில் முட்டைகூட வாசல்படி ஏறாது என்று எனக்குத் தெரியும்.

"காரமா இருக்குமான்னுதான் கேக்க வந்தேன்" என்று ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டாய். மென்றாய். மென்றுகொண்டே இருந்தாய். பிறகு அந்தக் கல் படுக்கையைப் பார்த்துக் கும்பிட்டாய். "சாமிகளா, எறும்பக்கூட மிதிக்காம வாழ்ந்தவக நீங்க. தப்பா எடுத்துக்காதீக. இவ வீட்டுக் கறி நல்லாருக்கு."

நான் சிரித்தேன். அந்த வயதில் நான் சிரிப்பது அபூர்வம். ஆனால் அன்று ராத்திரி படுத்திருந்தபோது ஒரு சந்தேகம் வந்தது. கறிக்காகச் சாப்பிட்டாயா, எனக்காகவா, அல்லது இப்படிச் சாப்பிடத் துணிந்தவள் நீ என்று உனக்கே காட்டிக்கொள்ளவா? அந்தச் சந்தேகம் இன்றுவரை முழுதாகப் போகவில்லை.

வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இந்த வீட்டை வாங்கித் தனியாகக் குடிவந்த பிறகுதான் சனிக்கிழமைகள் தொடங்கின. ஒருநாள் போனை நீட்டிக்கொண்டே உள்ளே வந்தாய். "இங்க பாருடி இந்த வெள்ளக்காரன. கறிய அரை நாளு வேக வச்சு, நாரு நாராப் பிச்சு, ரொட்டிக்குள்ள அடைச்சு, அந்தச் சாறுலயே முக்கித் திங்கிறான். நம்ம டீக்கடையில பன் முக்கித் திங்கிறவனப் பாத்துட்டுத்தான் போயிருக்கான்."

நான் குக்கரை எடுத்தேன். நீ பிடுங்கி மேலே வைத்தாய். "விசில் அடிச்சு வெரட்டுனா கட்டி கட்டியா ஒடையும். தானா விட்டுக் குடுக்கணும்டி." ரொட்டி என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது என்று பேக்கரி பன்னை வாங்கி வந்தாய். அதைப் பிளந்து, வெண்ணெய் தடவி, தோசைக்கல்லில் கவிழ்த்துப் போட்டோம். வடிகட்டிய சாறு ஆளுக்கொரு கிண்ணத்தில். நீ சாப்பிடுகிற அழகைப் பார்த்து, "கோழி மாதிரி கழுத்த நீட்டாதடி" என்பேன். "கோழி திங்கிறதையா இங்க திங்கிறேன்?" என்பாய்.

எல்லாம் சரி. ஆனால் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. வந்ததும் முதல் வேலையாக உன் நல்ல புடவையை அவிழ்த்துவிட்டு, இங்கேயே வைத்திருந்த இந்தச் சுங்குடியைக் கட்டிக்கொள்வாய். சாப்பிட்ட பிறகு முழங்கைவரை சோப்புப் போடுவாய். மறுபடி புடவை மாற்றுவாய். கிராம்பை வாயில் ஒதுக்கிக்கொண்டு, தலையை என் பக்கம் சாய்த்து, "மோந்து பாருடி, வருதா?" என்பாய். நான் முகர்ந்து பார்த்துவிட்டு, "வரல" என்பேன். பல நாள் வந்தது.

என் அம்மா வயல் வேலைக்குப் போன வீடுகளில் பின்வாசலில் நின்று கூலி வாங்கியவள். நான் எந்த வீட்டிலும் பின்வாசலில் நிற்பதில்லை என்று வைராக்கியமாகப் படித்தவள். என் வீட்டுச் சாப்பாட்டின் வாசனை உன் வீட்டுக்குப் பின்வாசல் வழியாகக்கூடப் போகக் கூடாதா? "இந்தப் புடவையோடயே போயேன்டி" என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். நீ ஆட்டோ ஏறும்வரை நினைத்துக்கொண்டே நிற்பேன். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாயாம். அவ்வளவுதான்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது.

*

இப்போது சாயங்காலம். நிவி போய்விட்டாள். நடந்ததை எழுதுகிறேன்.

படியேறும்போதே, "என்ன சமையல் ஆன்ட்டி? தெருமுனை வரைக்கும் மணக்குது" என்றாள். காலையிலிருந்து யோசித்து வைத்த முன்னுரை எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"மாட்டுக்கறி. உங்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். இங்க வந்து சாப்பிடுவா."

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"சனிக்கிழமை சனிக்கிழமை."

"விரதத்தன்னைக்கா?"

"விரதம்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும்."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் பயந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "அப்பா ஒரு வருசமா பட்டினி கெடக்காரு ஆன்ட்டி!" என்று சொல்லும்போதே அந்தச் சிரிப்பு வேறாகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவருகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. சுகர் நல்லா எறங்கியிருக்கு. டாக்டரே விடாதீங்கன்னுட்டாரு" என்றாள்.

பிறகு அவளாகவே யோசித்துச் சொன்னாள்.

"பாட்டி இருந்தப்ப, அம்மா உங்க வீட்டுக்கு வர்றதுக்குப் பெரிய சண்ட நடக்கும். 'அந்த வீட்டுல போயி என்னத்தையாவது தின்னுட்டு வருவா'ன்னு பாட்டி கத்துவாங்க. நான் சின்னப் புள்ள, கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். ஒருநாள் அம்மா சொன்னாங்க, 'இனிமே சனிக்கிழமை எனக்கு விரதம். பச்சத் தண்ணி பல்லுல படாது. அன்னைக்கு மட்டும் போயிட்டு வாரேன்'னு. பெருமாளுக்குன்னதும் பாட்டி விட்டுட்டாங்க."

அடுப்பைப் பார்க்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன். பார்க்க ஒன்றுமில்லை. கறி தானாகப் பிரிந்து கிடந்தது. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கே வருவதற்காகவே விரதம் எடுத்து, இங்கே வந்தே அதை முறித்திருக்கிறாய். நானோ நீ அவிழ்த்துப் போட்ட புடவையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இதனால் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. அந்த மாமியாரிடம் நீ வேறு பதிலும் சொல்லியிருக்கலாம். "ஆமா, தின்னுட்டுத்தான் வருவேன்" என்று. அதைச் சொல்லவில்லை நீ. உயிரோடு இருந்தால் இன்று உன்னோடு சண்டை போட்டிருப்பேன், பன்னைத் தட்டில் வைத்துக்கொண்டே.

நிவிக்கும் தட்டு வைத்தேன். "எனக்கு முட்டையே ஆகாது ஆன்ட்டி" என்று கையை எடுத்துக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து, "அம்மா எப்படிச் சாப்பிடுவாங்க? காட்டுங்களேன்" என்றாள்.

நான் பிறர் பார்க்கச் சாப்பிடவே கூச்சப்படுகிறவள். உனக்குத் தெரியும். ஆனாலும் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்தேன். ஒரு காலை மடித்துப் போட்டேன். பன்னைச் சாற்றில் முக்கி எடுத்து, இடது உள்ளங்கையை மோவாய்க்குக் கீழே ஏந்தி, கழுத்தை நீட்டி, கண்ணை மூடினேன்.

"பிஸ்கட்டக் காப்பியில முக்கும்போதும் இதே மாதிரிதான்" என்று மெதுவாகச் சொன்னாள்.

உன் பழக்கம் எனக்குச் சரியாக வரவில்லை. சாறு என் கையைத் தாண்டி வழிந்தது. சட்டென்று அவள் தன் உள்ளங்கையை நீட்டி அதை ஏந்தினாள். ஏந்தியதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நக்கினாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி ஆன்ட்டி."

கிளம்பும்போது அந்தப் புடவையை எடுத்துக் காட்டினேன். அவள் கண் விரிந்தது. "இது கோயில்ல யாருக்கோ குடுத்துட்டேன்னு அம்மா சொன்னதாச்சே! நான் எடுத்துக்கவா?" என்று பையைத் திறந்தாள்.

"பையில வைக்காத. கட்டிட்டுப் போ."

இத்தனை வருடம் உனக்காக வாய்க்குள் வைத்திருந்ததை உன் மகளிடம் சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அவள் புடவையை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இம்புட்டு வாசனையோடயா?"

"இம்புட்டு வாசனையோடதான்."

என்னைப் பார்த்தாள். நான் பார்வையை விலக்கவில்லை. கீழக்குயில்குடியில் உன்னை அப்படித்தான் பார்த்தேன் என்பது பிறகுதான் தோன்றியது.

"எனக்குக் கொசுவம் வைக்க வராது ஆன்ட்டி" என்றாள்.

சுடிதாருக்கு மேலேயே கட்டிவிட்டேன். கொசுவத்தை நானே மடித்துச் செருகினேன். திங்கட்கிழமைக்குப் பன்னும், முக்கித் தின்ன மிளகு ரசமும் செய்யப் போகிறாளாம். "வெண்பொங்கல் கெடையாது, கவலப்படாதீங்க" என்றாள்.

வாசலில் கேட்டேன்: "அப்பா புடவையப் பத்திக் கேட்டா?"

"கோயிலுக்குக் குடுத்தது திரும்பி வந்துருச்சுன்னு சொல்றேன்."

ஆட்டோ தெப்பக்குளத்து ஓரமாகத் திரும்பும்வரை நின்றேன். அரக்கு முந்தானை வெளியே பறந்துகொண்டிருந்தது. உன் வீட்டு முன்வாசலில் அவள் இறங்கியிருப்பாள் இந்நேரம். அந்த மனிதர் கதவைத் திறந்திருப்பார். அவருக்கு வாசனை தெரிந்ததா, தெரிந்து என்ன கேட்டார், எனக்குத் தெரியாது. நிவி போன் செய்வாள் என்று எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

மிச்சம் இருந்ததை நானே சாப்பிட்டேன். உப்பு கம்மிதான். பீரோவின் கீழ்த்தட்டு காலியாக இருக்கிறது. போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன், மறுபடி போகிறேன். தலையைச் சாய்த்து "வருதா?" என்று கேட்க நீ இல்லை. கடைசியில் என் பின்னலை முன்னால் இழுத்து நானே முகர்ந்து பார்த்தேன்.

வருகிறது.