ஓமவாட்டர் வேண்டாம்

வியாழன், இரவு

தூக்கம் வரவில்லை. இன்றைக்குப் பயத்தால் இல்லை, சந்தோஷத்தால்.

ஒரு வருஷமாக எனக்கு நெஞ்சு படபடத்து மூச்சு முட்டினால், அம்மா ஓமவாட்டரோடு வந்து நிற்பாள். சொந்தக்காரர்களிடம் "வயித்துல கேஸ்" என்று சொல்லிவைத்திருந்தாள். காலேஜ் கவுன்சிலர் மேடம்தான் இது பதற்றம் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரி மனநல டாக்டரிடம் அனுப்பினார். அம்மாவும் கூடவே வந்தாள். ஆனால் வெளியே யாருக்கும் தெரியக்கூடாது என்றாள். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணாம். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இன்று ஸ்ரீரங்கத்தில் அத்தை மகளுக்கு வளைகாப்பு. அம்மாவும் நானும் போகும்போது காவிரிப் பாலத்தில் பஸ் நெரிசலில் நின்றுவிட்டது. வழக்கமாக இறங்கி ஓடிவிடுவேன். இன்று டாக்டர் சொன்னபடி மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு, வேர்த்த கையால் கம்பியைப் பிடித்தபடி அக்கரை சேர்ந்தேன்.

வளையல் போடும்போது எல்லார் முன்னாலும் அத்தை கேட்டாள்: "இவளுக்கு இன்னும் கேஸ் சரியாகலையா அண்ணி?"

நான் தரையைப் பார்த்தேன்.

"கேஸ் இல்ல, மனசுல பதட்டம். டாக்டர்கிட்ட காட்டுறோம். இன்னைக்குப் பாலத்துல பஸ் நின்னும் இறங்காம வந்துட்டா, தெரியுமா?" என்றாள் அம்மா. நான் மாநிலத்திலேயே முதல் மார்க் வாங்கிய மாதிரி சொன்னாள்.

கிளம்பும்போது அத்தை எங்களைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"அந்த டாக்டர் என்னைக்கு இருப்பாங்க? நம்ம சின்னவளும் பரீட்சை வந்தா சோறு எறங்காம கெடக்கா."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீயே சொல்லுடி."

"நானே கூட்டிட்டுப் போறேன் அத்தை," என்றேன். "அதுவரைக்கும் அவளுக்கு ஓமவாட்டர் மட்டும் குடுக்காதீங்க."