ஞாயிற்றுக்கிழமைக் கண் ஆபரேஷன்

ஜூன் 12, வியாழன்

காலையிலிருந்து காற்று. பழைய தங்கச் சுரங்கத்துச் சயனைடு மேட்டு மண் முழுக்க எங்கள் கோரமண்டல் லைன் வீடுகளுக்குத்தான். கொடியில் போட்ட துணியை மறுபடி அலசினேன். கேஸ் புக் பண்ண வேண்டும்.

ஒரு போன். அரசு மருத்துவக் காப்பீட்டு ஆபீஸாம். அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன் செய்ததாக ஒரு கண் ஆஸ்பத்திரி பணம் வாங்கியிருக்கிறதாம். செய்தார்களா? ஓ.டி.பி. கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதுவே சந்தேகம். திங்கட்கிழமை அதிகாரி வந்து கண்ணைப் பார்ப்பாராம். ஆபரேஷன் நடக்கவில்லையென்றால் ஆஸ்பத்திரியிடமிருந்து பணத்தைத் திரும்பப் பிடிப்பார்களாம்.

அப்பாவின் இடது கண் இன்னும் பால் ஊற்றின மாதிரிதான். வலது கண் ஒன்றை வைத்துக்கொண்டுதான் பேப்பர், டீக்கடை, பென்ஷன் எல்லாம்.

ஜூன் 13, வெள்ளி

அப்பாவை விசாரித்தேன். பொங்கல் முடிந்து லைனில் இலவசக் கண் முகாம் போட்டார்களே, அங்கே கார்டு, கைரேகை, போட்டோ எல்லாம் கொடுத்திருக்கிறார். கையில் ஏதாவது வாங்கினாயா என்றதற்குக் கோபம் வந்துவிட்டது. "பிஸ்கட்டு குடுத்தாங்க. நீயுந்தான துன்ன."

ஆமாம், தின்றேன்.

பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்கும் அதே போன் வந்திருக்கிறது. லைனில் இன்னும் சிலருக்கும். நேற்றே வந்ததாம், என்னிடம் மூச்சு விடவில்லை. ஏன்?

ஜூன் 14, சனி

தூறல். கேஸ் வரவில்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஆப்பிள். நாளைக்கே வேன் அனுப்பி நிஜமாகவே ஆபரேஷன் செய்துவிடுகிறார்களாம். முகாம் போட்டபோதே நடந்தது என்று அதிகாரியிடம் சொன்னால் போதுமாம். கண் சிவந்திருக்குமே என்றேன். மேட்டு மண் விழுந்தது என்று சொல்லச் சொன்னான். எல்லாம் யோசித்து வைத்திருக்கிறான்.

உண்மையைச் சொன்னால்?

"பணத்த அவங்க எடுத்துக்கினு போயிடுவாங்க. உங்கப்பா கண்ணு அப்படியேதான் இருக்கும்."

அது பொய்யில்லை. கார்டில் ஆபரேஷன் ஆனதாக இருக்கும்வரை வேறு ஆஸ்பத்திரி தொடாது. திருத்த எத்தனை மாதமோ.

அப்பா போகலாம் என்கிறார். சுரங்கத்தில் கேஜ் கூண்டில் இறங்கினவருக்கு ஒரு வேன் என்ன பயமாம். "என் பேர்ல வாங்கன துட்டு. என் கண்ண அவன்தான் தெறக்கணும்."

எனக்கு ஆத்திரம். ஆனால் அப்பாவுக்குக் கண் தெரிய வேண்டும் என்றுதான் எனக்கும். ஆப்பிளை முகர்ந்து பார்த்தேன். யாரும் தொடவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கிறேன். வரும்வரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எழுதுகிறேன்.

காலையிலேயே வேன் வந்தது. அப்பாவோடு நானும் ஏறினேன். கூடவே இருந்து என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாமென்று. செல்வி அக்கா தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள், ஏதோ கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. ஒரு நர்ஸ் ஒவ்வொருவர் புருவத்துக்கு மேலும் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே வந்தாள், எந்தக் கண் என்று அடையாளம் வைக்க. அப்பாவுக்கு வலது பக்கம் ஒட்டினாள்.

அது நல்ல கண், புரை இடதில் என்றேன். தாளைப் பார்த்தாள்.

"ஆபீசுக்கு அனுப்பினதுல ரைட்டுன்னுதான் இருக்கு மேடம். நாளைக்கு அதைத்தான் பார்ப்பாங்க."

அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அவர் செருப்பு ஒன்று வேனோடு போய்விட்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்ததும் அப்பா கேட்டார்.

"செல்விக்கு எந்தப் பக்கம் ஒட்டனாங்க?"

தெரியவில்லை. ஆப்பிளைக்கூட முகர்ந்து பார்த்தவள், அதைப் பார்க்கவில்லை. செல்வி அக்காவுக்கும் இடது கண்தான் கெட்டது.

அவளுக்குப் போன் போட்டேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. இப்போது ஸ்விட்ச் ஆஃப்.